பல்கலைக்கழக வாயிலும் உடற்குறையுடைய மாணவரும்

1711ஆம் ஆண்டிலே கேம்பிறிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தின் லூக்காசியன் கணிதப் பேராசிரியர் பதவி நிக்கலஸ் சோண்டர்சன் என்பாருக்கு அளிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன்னர்வரை ஐசாக் நியூட்டன் வகித்த பதவி அது. சோண்டர்சனோ ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தையாய் இருந்தபோதே அம்மை நோயினால் இரு கண்களையும் இழந்தவர். துளைகளிட்ட பலகையிலே ஊசிகளைப் பொருத்தி, விரலால் தடவிக் கணக்கிடும் முறையொன்றைத் தாமே அமைத்துக்கொண்டவர். ஒளியின் இயல்பு பற்றி அவர் ஆற்றிய விரிவுரைகளுக்கு மாணவர் திரண்டனர். கண்ணொளி இல்லாதார் ஒருவர் ஒளியியல் கற்பித்த இச்செய்தி பலராலும் வியந்து பேசப்படுவது. அவ்வியப்பிலே மறைந்துபோகும் செய்தி மற்றொன்று உண்டு. சோண்டர்சன் அப்பல்கலைக்கழகத்திலே மாணவராய் இருந்தவரல்லர். 1707இல் நண்பர் ஒருவரோடு கிறைஸ்ற் கல்லூரியிலே வந்து தங்கி, பதிவு எதுவும் பெறாமலே கற்பிக்கத் தொடங்கினார். பேராசிரியராவதற்குப் பட்டம் வேண்டப்பட்டமையால், ஆன் அரசியாரின் சிறப்பாணையின் பேரில் முதுமாணிப் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது.

பேரறிவு படைத்த ஒருவருக்காக வாயிலைச் சற்றே திறந்து, அவர் உட்புகுந்தபின் மீண்டும் சாத்திக்கொள்வது பல்கலைக்கழகங்களுக்கு அரிய செயலன்று. அரசியாரின் ஆணை சோண்டர்சன் ஒருவருக்கே உரியது. அவருக்குப் பின்வரும் விழிப்புலனற்ற இளைஞனுக்கு அது வழியாகாது. நடுத்தர ஆற்றலுடைய மாணவன் ஒருவன், நடக்கவோ பார்க்கவோ கேட்கவோ இயலாதவனாயினும், தன்னையொத்த ஏனைய மாணவரைப்போல வந்து, கற்று, தேறியோ தேறாமலோ செல்வதற்கு யாது செய்தல் வேண்டும் என்பது முற்றிலும் வேறான வினா. அவ்வினா எழுந்த விதமும், அதற்கு விடைகூறும் உரிமை யாரிடத்தது என்பது பற்றி நிகழ்ந்த வழக்கும் தொடர்ச்சியாகக் காணக்கிடைப்பது ஐக்கிய அமெரிக்க நாட்டின் உயர்கல்வி வரலாற்றிலேயாம்.

அந்நாட்டிலே முதலிற் கிடைத்த விடை தனிக்கல்லூரி என்பது. வாஷிங்ரன் நகரிலே ஏமஸ் கெண்டல் என்னும் செல்வர் வழங்கிய நிலத்தில், செவிப்புலனும் விழிப்புலனும் அற்ற பிள்ளைகளுக்கென 1857இல் ஒரு பாடசாலை தோன்றியது. அதன் தலைமையை ஏற்றபோது எட்வேட் மைனர் கலோடெற்றுக்கு வயது 20. அவருடைய தந்தையார், பிரான்சு நாட்டிலிருந்து வந்த செவிப்புலனற்ற ஆசிரியரான லோறன்ற் கிளேர்க்குடன் இணைந்து 1817இல் ஹாட்போட் நகரிலே இவ்வகைப் பாடசாலையொன்றை நிறுவியவர். தாயாரோ தாமே செவிப்புலனற்றவர். தாய்மொழி என்று சொல்லத்தக்க அளவுக்குச் சைகைமொழி எட்வேட்டுக்கு இயல்பாயிருந்தது. பாடசாலை ஒன்றோடு அமைய அவர் உடன்பட்டிலர். செவிப்புலனற்றோர் பட்டமும் பெறுதல் வேண்டும் என்று காங்கிரசை வேண்டினார். உள்நாட்டுப் போர் உச்சமடைந்திருந்த 1864ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே, பட்டமளிக்கும் அதிகாரத்தை அந்நிறுவனத்துக்கு வழங்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் ஒப்பமிட்டார். பின்னர் கலோடெற் கல்லூரி என்றும், 1986 முதல் கலோடெற் பல்கலைக்கழகம் என்றும் வழங்கப்பட்டது இதுவே.

இக்கல்லூரியிலே மாணவனுக்கென்று தனி உதவி எதுவும் வேண்டியிருக்கவில்லை என்பது கருதற்பாலது. விரிவுரையும் விவாதமும் விளையாட்டும் சைகைமொழியிலேயே நடைபெறும் இடத்திலே, செவி கேளாமை குறையாகத் தோன்றுவதற்கு இடமில்லை. அம்மொழி அறியாது வருபவரே அங்கு குறையுடையவர். ஆயினும் இத்தீர்வு ஒரு நகரில் ஒரு வகையினருக்கு மாத்திரம் பயன்படுவது. பிற பல்கலைக்கழகங்களுக்கு இது ஒரு சாக்காகவும் அமைந்தது எனலாம். அத்தகையோருக்கென ஓரிடம் உண்டாகிவிட்டதன்றோ, தாம் யாதொன்றும் மாற்ற வேண்டியதில்லை என்று அவை இருந்துவிட்டன.

பொதுக் கல்லூரியொன்றினுள் தனித்து நுழைந்த மாணவருக்கு நேர்ந்ததை ஹெலன் கெல்லரின் வரலாற்றிற் காணலாம். பார்வையும் செவிப்புலனும் ஒருங்கே இழந்த அவ்வம்மையார் 1904இல் றாட்கிளிவ் கல்லூரியிலே பட்டம் பெற்ற செய்தி யாவரும் அறிந்தது. அப்பட்டத்துக்கு முற்பட்ட பரீட்சைக் கதையோ அத்துணைப் பரவலாக அறியப்பட்டதன்று. 1899ஆம் ஆண்டு யூன் மாதத்திலே நுழைவுப் பரீட்சையின் இறுதிப் பகுதி நடைபெற்றது. அதுகாறும் எழுத்துக்களை அவரது உள்ளங்கையிலே விரலாற் குறித்துப் பாடங் கற்பித்துவந்த ஆன் சலிவன், வினாத்தாளை வாசித்துணர்த்துவதற்கு அனுமதிக்கப்படவில்லை. அதற்கு மாறாக வினாத்தாள்கள் புள்ளியெழுத்தாகிய பிறெயில் முறையிலே பெயர்த்தெழுதப்பட்டன. அக்காலத்து அமெரிக்காவிலே அவ்வெழுத்து ஒன்றாய் இருக்கவில்லை. ஆங்கில முறை, அமெரிக்க முறை, நியூயோர்க் முறை என மூன்று வழங்கின. மொழிப் பாடங்களுக்குரிய எழுத்துக்களை மூன்றிலும் ஹெலன் அறிவார். அட்சரகணிதக் குறியீடுகளையோ ஆங்கில முறையில் மாத்திரமே பழகியிருந்தார். வினாத்தாளோ அமெரிக்க முறையில் வந்தது. பரீட்சைக்கு முன்னைய நாட்களிலேதான் இவ்வேறுபாடு தெரியவந்தது. அடைப்புக்குறி எது, மூலக்குறி எது என்று மயங்கியபடியே விடையெழுதித் தேறினார்.

அட்சரகணிதம் அறிவாரோ என்று சோதிக்க வந்த பரீட்சை, அமெரிக்கப் புள்ளிக் குறியீட்டை அறிவாரோ என்று சோதித்தது. தீய நோக்கம் எவரிடத்தும் இருந்ததாகச் சொல்வதற்கில்லை. முறைகேடு நிகழலாகாது என்று கருதியே சலிவன் விலக்கப்பட்டார். எனினும் நடுநிலைமை என்று கொள்ளப்பட்ட ஏற்பாடே அநீதியாய் முடிந்தது. பின்னர் கல்லூரியிலே ஒவ்வொரு விரிவுரையையும் ஆன் சலிவன் உடனிருந்து கையிலே எழுதிக் காட்டினார். புள்ளியெழுத்தில் இல்லாத நூல்களைத் தமது நலிந்த கண்களால் வாசித்துணர்த்தினார். செலவை எண்ணெய் வணிகத்தாற் பெருஞ்செல்வரான ஹென்றி றொஜேர்ஸ் ஏற்றார். அவரைத் தூண்டியவர் எழுத்தாளர் மார்க் துவெய்ன். கல்லூரி செய்ததெல்லாம் தடுக்காமல் விட்டது. அத்தகைய ஆசிரியையும் அத்தகைய செல்வரும் எத்தனை பேருக்கு வாய்ப்பர்?

இந்நிலையை மாற்றியது அருளன்று, போர். முதலாம் உலகப் போரிலே முதுகுத் தண்டில் அடிபட்டோருட் பெரும்பாலார் நோய்த்தொற்றினால் விரைவில் இறந்தனர். இரண்டாம் உலகப் போரிலோ சல்பா மருந்துகளும் பெனிசிலினும் அவர்களைக் காத்தன. இடுப்பின் கீழ் உணர்விழந்தும் நெடுநாள் வாழத்தக்க இளைஞர் ஆயிரக்கணக்கில் முதன்முறையாகத் தோன்றினர். போர்வீரர் மறுவாழ்வுக்கென 1943இலும் 1944இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் அவர்களுடைய கல்விச் செலவை அரசு ஏற்க வழிசெய்தன. பணம் இருந்தது, தகுதி இருந்தது. படியேறக் கால் இல்லை. கண்ணிழந்த வீரர்க்காக நியூயோர்க் நகரிலே ஆன் மக்டொனல்ட் என்னும் அம்மையார் 1948இல் தொடங்கிய இயக்கமும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. தொண்டர் பாடநூல்களை உரத்து வாசிக்க, அவை இசைத்தட்டுக்களிற் பதிவாகி மாணவரைச் சென்றடைந்தன. ஆன் சலிவன் ஒருவருக்குச் செய்ததைப் பலருக்குச் செய்யும் வழி இவ்வாறு பிறந்தது.

இலினோய் மாநிலத்துக் கேல்ஸ்பேர்க் நகரிலே போர்க்காலத்தில் இராணுவ வைத்தியசாலையொன்று இயங்கியது. போரின்பின் மாணவர் தொகை பெருகியபோது இலினோய்ப் பல்கலைக்கழகம் அதனைத் தன் கிளையாக்கிக்கொண்டது. நோயாளரைத் தள்ளுவண்டியிற் கொண்டுசெல்வதற்கென அமைக்கப்பட்ட கட்டடங்களாதலின், சக்கர நாற்காலியில் வருவோரும் அங்கு தடையின்றி உலவ முடிந்தது. திட்டமிட்டு நிகழ்ந்ததன்று, ஆயினும் உடற்குறையுடைய மாணவருக்கான முறைப்படியான ஏற்பாடு உருப்பெற்றது இவ்விடத்திலேதான். 1948இல் அதனைப் பொறுப்பேற்ற ரிமதி நூஜென்ற் அப்போது 25 வயது இளைஞர். ஓராண்டு செல்வதற்குள் கிளையை மூடும் முடிவு வந்தது. நூஜென்றும் மாணவரும் மாநிலத் தலைநகராகிய ஸ்பிறிங்பீல்ட்டுக்குச் சென்று ஆளுநர் அட்லாய் ஸ்ரீவன்சனிடம் முறையிட முயன்றனர், பயன் கிட்டவில்லை. அதன்பின் அர்பானாவிலுள்ள தலைமை வளாகத்துக்கே சென்றனர். கட்டடங்களின் படிகள்மீது மரப்பலகைகளைச் சாய்த்துவைத்து, அவற்றின்மேல் நாற்காலிகளை உருட்டி ஏறிக் காட்டினர்.

வரலாற்று நூல்களிலே சட்டங்களும் தீர்ப்புகளும் பெறும் இடத்தை இம்மரப்பலகைகள் பெறுவதில்லை. ஆயினும் கேள்வி தலைகீழாய் மாறியது அந்தப் பலகைகளிலேயாம். அதுவரை, நடக்க இயலாத இளைஞன் பல்கலைக்கழகத்துக்கு ஏற்றவனோ என்பதே கேள்வி. பலகையில் ஏறிக் காட்டியபின், நூல்நிலையத்தின் படிகள் பல்கலைக்கழகத்துக்கு ஏற்றனவோ என்பது கேள்வியாயிற்று.

பல்கலைக்கழகம் இசைந்தது, ஆனால் சோதனை முறையாக மாத்திரம். வேண்டிய பணத்தின் பெரும்பகுதியை வெளியிலிருந்தே திரட்டவேண்டியிருந்தது. தார்த்தாள் வேய்ந்த பழைய இராணுவக் கொட்டில்கள் அலுவலகமாகவும் பயிற்சியிடமாகவும் அமைந்தன. அங்கிருந்தே கட்டடத்துக்குக் கட்டடம் சாய்தளங்கள் எழுந்தன; நடைபாதையின் விளிம்புகள் தாழ்த்தப்பட்டன; 1950களிலே நாற்காலியைத் தூக்கி ஏற்றும் பொறி பூட்டிய பஸ் வண்டிகள் வளாகத்தைச் சுற்றிவந்தன. மாணவர் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். சக்கர நாற்காலியிலிருந்து கூடைப்பந்து ஆடினர். இவ்வாட்டத்துக்கான தேசியச் சங்கத்தை 1949இல் நிறுவியவரும் நூஜென்றே. 1961இல் வெளிவந்த, கட்டடங்களுக்கான அமெரிக்க நியமம் அவருடைய உழைப்பின் முதிர்ந்த கனி. ஓரடி உயர்வதற்குச் சாய்தளம் 12 அடிக்குக் குறையாது நீளுதல் வேண்டும், கதவின் திறப்பு 32 அங்குலத்துக்குக் குறைதல் ஆகாது என்றாற்போல, சில பக்கங்களுள் அடங்கிய அச்சிறு ஆவணம் பிற்காலத்துச் சட்டங்கள் பலவற்றுக்கு அளவுகோலாயிற்று. இவ்வெண்கள் மேசையிலிருந்து கற்பனை செய்யப்பட்டனவல்ல. அவற்றின் பின்னால் அர்பானா மாணவருடைய கைகளின் அனுபவம் நின்றது.

இலினோயின் ஏற்பாட்டுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. நூஜென்ற் தன்னிறைவை உயிரெனப் போற்றினார். மாணவர் தம் நாற்காலியைத் தாமே உருட்டுதல் வேண்டும். பிறரைத் தள்ளச் சொல்லுதல் ஆகாது. புதிதாக வருவோர் வகுப்புத் தொடங்குமுன் பயிற்சிக்கும் சோதனைக்கும் உட்பட்டனர். அன்றாடப் பணிகளைத் தாமே ஆற்ற இயலாதார்க்கு அங்கு இடம் அரிதாயிற்று. இதனைக் கடுமை என்று எளிதிற் பழித்தல் தகாது. அம்மாணவரால் இயலாது என்று காத்திருந்த பல்கலைக்கழகத்தின் கண்முன்னே, இயலும் என்று காட்டும் கட்டாயம் அவருக்கு இருந்தது. ஆயினும் விளைவு ஒன்றே. கைவலிமை உடையோர் உட்புகுந்தனர்; கையும் இயங்காதார் வெளியே நின்றனர். சோண்டர்சனிடம் பேரறிவைக் கேட்ட வாயில், இவர்களிடம் தோள்வலிமையைக் கேட்டது.

வெளியே நின்றோருள் ஒருவர் கலிபோர்ணியாவைச் சேர்ந்த எட் றொபேட்ஸ். 1953இல், 14ஆம் வயதில், இளம்பிள்ளைவாத நோய் அவரது கழுத்தின் கீழ் ஏறத்தாழ முழுவுடலையும் செயலிழக்கச் செய்தது. இரவிலே, மூச்சை இயக்கும் இரும்புக் கூடாகிய 'இரும்பு நுரையீரலினுள்' உறங்கினார். உயர்பள்ளிக் கல்வியை முடித்தபோது, வாகனம் ஓட்டும் பயிற்சியையும் உடற்பயிற்சியையும் நிறைவுசெய்யவில்லை என்று சொல்லிச் சான்றிதழை மறுக்க முனைந்தனர். கழுத்துக்குக் கீழ் அசையாத இளைஞனிடம் வாகனம் ஓட்டக் கேட்ட அந்நிருவாகத்தின் நேர்மையை என்னென்பது! தாயார் சோனா போராடிச் சான்றிதழைப் பெற்றுக்கொடுத்தார். பின்னர் மாநில மறுவாழ்வுத் திணைக்களம், இவர் எக்காலத்தும் தொழில்செய்ய இயலாதவர், ஆகவே இவருடைய கல்விக்குப் பணம் செலவிடுதல் வீண் என்று தீர்த்தது. செய்தித்தாள்கள் இதனை வெளியிட்ட பின்னரே திணைக்களம் இறங்கிவந்தது.

1962இல் பேர்க்கிலியிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அலுவலர் சிலர் தயங்கினர். ஏறத்தாழ 800 இறாத்தல் எடையுடைய இரும்பு நுரையீரலை எந்த மாணவர் விடுதியும் ஏற்க முடியவில்லை. மாணவர் சுகாதாரத்துக்குப் பொறுப்பான மருத்துவர் ஹென்றி புறூயின், வளாகத்துக் கௌவல் வைத்தியசாலையின் அறையொன்றை விடுதியாக்கிக்கொள்ளலாம் என்றார். நோயாளராயன்றி மாணவராக அங்கு தங்குவது என்பதே உடன்பாடு. உடுத்தவும் உண்ணவும் வகுப்புக்குச் செல்லவும் துணைசெய்யும் உதவியாளரை மாணவரே தெரிந்து, அரசு வழங்கிய உதவித்தொகையிலிருந்து ஊதியம் கொடுத்து அமர்த்திக்கொண்டார். இவ்வேற்பாடு சிறிய செய்திபோலத் தோன்றலாம். உதவி என்பது பிறர் இரங்கிச் செய்வதாயின் பெறுபவன் பணிந்து நிற்பான்; தானே அமர்த்திய உதவியாளனுக்கு வேலை பணிப்பவன் அவ்வாறு நில்லான். தன்னிறைவு என்னும் சொல்லுக்கு நூஜென்ற் கொண்ட பொருள் வேறு. பேர்க்கிலி மாணவர் கண்ட பொருள் வேறு. தன் சட்டையைத் தானே போட்டுக்கொள்ள ஒரு மணிநேரம் செலவிடுபவனைக் காட்டிலும், பிறர் உதவியால் விரைவில் உடுத்து வகுப்புக்குச் செல்பவனே தன் வாழ்வைத் தான் ஆள்பவன் என்பது இவர்கள் கொள்கை.

மறு ஆண்டிலே ஜோன் ஹெஸ்லர் வந்தார். 1960களின் முடிவிலே அவ்வைத்தியசாலையில் வாழ்ந்த மாணவர் ஏறத்தாழ 12 பேராயினர். ஒரே கூரையின்கீழ்க் கூடியதால் அவர்கள் தம்முள் பேசத் தொடங்கினர். தனியொருவனுடைய விதி என்று கருதியது பொதுவான நிலை என்று கண்டனர். தமக்கு 'உருளும் நால்வலியிழந்தோர்' என்று பொருள்படும் நகைப்பெயர் ஒன்றையும் சூட்டிக்கொண்டனர். 1969இல் மறுவாழ்வுத் திணைக்கள அலுவலர் ஒருவர், கல்வி முன்னேற்றம் போதாது என்று 2 மாணவரை வெளியேற்ற முயன்றபோது அனைவரும் ஒன்றாய் எதிர்த்தனர்; முடிவிலே இடம் மாற்றப்பட்டவர் அவ்வலுவலரே. ஏனைய மாணவர் பாடத்திற் பின்தங்கலாம், பட்டம் பெறக் காலம் தாழ்த்தலாம். உடற்குறையுடையவன் மாத்திரம் பின்தங்கின் வெளியேற்றப்படுவான் என்பதை அவர்கள் ஏற்கவில்லை. பின்தங்கும் உரிமைக்காக நிகழ்ந்த இப்போராட்டம், முற்பகுதியிற் கூறிய சாதாரண மாணவனின் வினாவுக்கு மிக அண்மையில் வருவது.

1970இல் நடுவணரசின் நன்கொடையைக் கொண்டு இவர்கள் ஒரு சேவை நிலையத்தைத் தொடங்கினர். வளாகத்துக்கு வெளியே, உணவுக்கடையொன்றை அடுத்திருந்த வீட்டிலே அது இயங்கியது. ஹெஸ்லர் அதன் நெறியாளர். உதவியாளரின் பெயர்ப் பட்டியல், ஏறிச்செல்லத்தக்க வாடகை வீடுகளின் பட்டியல், விழிப்புலனற்றோருக்கு வாசிப்போர், அரச உதவிப்பணம் பற்றிய ஆலோசனை, நாற்காலி திருத்தும் பட்டறை என அனைத்தும் அங்கிருந்தன. பட்டறையைச் சிறு செய்தி என்று தள்ளிவிடலாகாது. இரவிலே மின்நாற்காலி பழுதுபட்டால், மறுநாட் காலையிலே பரீட்சைக்குச் செல்ல வழியில்லை. எத்துணைச் சாய்தளம் இருந்தும் பயனில்லை. இதனை அறிந்தவர் நாற்காலியில் இருந்தவரே. நகர மக்களும் உதவி நாடி வரத் தொடங்கவே, மாணவரல்லாதார்க்கென 1972இல் சுயாதீன வாழ்வு நிலையம் பிறந்தது. பின்னர் உலகின் பல பாகங்களிலும் பரவிய நிலையங்களுக்கு அதுவே முன்மாதிரி.

1975இல் கலிபோர்ணிய ஆளுநர் ஜெறி பிறவுண், மாநில மறுவாழ்வுத் திணைக்களத்துக்கு எட் றொபேட்சைத் தலைவராக்கினார். எவர் தொழில்செய்ய இயலாதவர் என்று தீர்க்கப்பட்டாரோ, அவர் அத்தீர்ப்பைக் கூறிய திணைக்களத்தின் தலைவராய் அமர்ந்தார்.

இதனிடையே வாஷிங்ரனிலே சட்டம் ஒன்று ஓசையின்றிப் பிறந்திருந்தது. 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்திலே 504ஆம் பிரிவு என ஒரேயொரு வாக்கியம் சேர்க்கப்பட்டது. நடுவணரசின் பணம் பெறும் எந்நிறுவனமும் உடற்குறை காரணமாக ஒருவரை விலக்கலாகாது என்பது அதன் கருத்து. நிறவேற்றுமையை விலக்கிய 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் சொற்களைத் தழுவி, செனற் சபை அலுவலரால் அது எழுதப்பட்டது. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அரசின் பணம் பெற்றமையால், சட்டம் அவற்றையும் பற்றியது. ஆயினும் நடைமுறை விதிகள் வெளிவராமல் ஆண்டுகள் கழிந்தன. 1977 ஏப்பிரல் 5ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரிலே நடுவணரசு அலுவலகத்தினுள் 100க்கு மேற்பட்ட உடற்குறையுடையோர் புகுந்து அமர்ந்தனர். ஜூடித் ஹியூமன் அவர்களுள் முன்னின்றவர். தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டபோது, செவிப்புலனற்றோர் சாளரத்தினூடே சைகைமொழியாற் செய்தி அனுப்பினர். ஏப்பிரல் 28இலே அமைச்சர் ஜோசப் கலிபானோ விதிகளில் ஒப்பமிட்டார்.

அவ்விதிகளிலே உயர்கல்விக்கென ஒரு பகுதி உண்டு. சேர்க்கைக்கு முன்னர் விண்ணப்பதாரியிடம் உடற்குறை பற்றி வினவலாகாது. வகுப்பறையில் ஒலிப்பதிவுக் கருவியையும் கட்டடத்தினுள் வழிகாட்டும் நாயையும் தடுத்தலாகாது. சைகைமொழி பெயர்ப்போர், ஒலிப்பதிவு நூல்கள் முதலியவை கிடைக்கச் செய்தல் வேண்டும். பரீட்சை மாணவனது அறிவை அளத்தல் வேண்டுமேயன்றி அவனது புலனின் குறைவை அளத்தலாகாது என்பதும் ஒரு விதி. 1899இலே அட்சரகணித வினாத்தாளின் முன்னிருந்து தடுமாறிய இளநங்கைக்கு இவ்விதி 78 ஆண்டு பிந்தி வந்தது. எனினும் அதே விதிகள், தனிப்பட்ட உதவியாளரையும் தனிவாசிப்புக்கான வாசிப்போரையும் வழங்குதல் பல்கலைக்கழகத்தின் கடமையன்று என்றும் கூறின. பேர்க்கிலி மாணவர் எதனை முதலில் வைத்தனரோ, அதனையே சட்டம் வெளியே விட்டது.

சட்டத்தின் எல்லை விரைவிற் புலனாயிற்று. வட கரோலினாவிலே தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்த செவிப்புலன் குன்றிய பெண்மணி ஒருவரை ஒரு கல்லூரி மறுத்தது. 1979இல் உயர் நீதிமன்றம் ஒருமனதாகக் கல்லூரியின் பக்கம் நின்றது. கற்கைநெறியின் அடிப்படையையே மாற்றுமாறு ஒரு நிறுவனத்தைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது தீர்ப்பு. எது அடிப்படை, எது பழக்கம் என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்னும் வழக்கு அன்றுதொட்டு நீங்கவில்லை. 1990ஆம் ஆண்டின் சட்டம் அரசின் பணம் பெறாத நிறுவனங்களையும் பெரும்பாலும் தன் எல்லையுட் கொண்டுவந்தது. இவ்வழக்கை அதுவும் முடித்துவைக்கவில்லை.

தனிக்கல்லூரியாகிய கலோடெற்றிலும் இதே வினா வேறு வடிவில் எழுந்தது. 1864 முதல் 124 ஆண்டுகளாக அதற்குச் செவிப்புலனற்ற தலைவர் ஒருவர் வாய்த்திலர். 1988 மார்ச்சு மாதத்திலே, செவிப்புலனற்ற இருவர் போட்டியிட்டிருந்தும், சைகைமொழி அறியாத அம்மையார் ஒருவரை ஆட்சிக்குழு தலைவராக்கியது. மாணவர் வாயில்களை அடைத்தனர், வகுப்புகள் நின்றன. ஒரு வாரத்துக்குள் அவ்வம்மையார் விலக, கிங் ஜோர்டன் முதலாவது செவிப்புலனற்ற தலைவரானார். ஆட்சிக்குழுவிலே செவிப்புலனற்றோர் பெரும்பான்மையினராதல் வேண்டும் என்ற கோரிக்கையும் ஏற்கப்பட்டது.

இன்றைய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலே இதற்கெனத் தனி அலுவலகங்கள் உள்ளன. அவற்றை நாடுவோருட் பெரும்பகுதியினர் சக்கர நாற்காலியில் வருவோரல்லர்; எழுத்து வாசிப்பிலே இடர்ப்படுவோர், கவனம் ஒருமுகப்படாதோர், மனநலம் குன்றியோர் முதலாய, கண்ணுக்குப் புலனாகாக் குறையுடையோர். பரீட்சைக்கு மேலதிக நேரம், அமைதியான தனியறை, குறிப்பெடுத்துக் கொடுக்கும் துணை என்பன அவர்கள் பெரும்பாலும் வேண்டுவன. பாடசாலையிலே, 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அத்தகைய பிள்ளையைத் தேடிக் கண்டு ஆவன செய்தல் அரசின் கடமை. பல்கலைக்கழகமோ தேடிச் செல்வதில்லை; மாணவனே அலுவலகத்தின் கதவைத் தட்டி, தன் குறையைச் சொல்லி, சான்று காட்டுதல் வேண்டும். அச்சான்றைப் பெறுவதற்கான உளவியற் சோதனைக்குப் பணம் செலவாகும்; வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அதனை எளிதிற் பெறும். மருத்துவர் கையிலிருந்து மாணவர் கைக்குப் பேர்க்கிலியிலே மாறிய தீர்ப்பு, இவ்வழியாக மீண்டும் மருத்துவர் கைக்கே சென்றுகொண்டிருந்தது. இவ்வலுவலகங்களிற் பணிபுரிவோர் 1977இல் அமைத்த சங்கம், இதனை உணர்ந்து 2012இல் புதிய வழிகாட்டலை வெளியிட்டது. மாணவன் தன் நிலைபற்றித் தானே கூறுவதையே முதற்சான்றாகக் கொள்ளுதல் வேண்டும், மருத்துவச் சான்று அதற்குத் துணையாவது என்பது அதன் சாரம். சில பல்கலைக்கழகங்கள் அதனைப் பின்பற்றுகின்றன. வேறு சில, சான்றிதழின் திகதியைப் பார்த்து, பழையதாயின் புதியது கொண்டுவரும்படி மாணவனைத் திருப்பி அனுப்புகின்றன.